அப்பன் பேருக்கா, பையன் பேருக்கா?

வா கண்ணு, வா. மொகத்தப் பாத்தாலே இன்னைக்கு ஒண்ணாந் தேதின்னு தெரிஞ்சு போச்சு. ஊருல அத்தனை பேரும் சம்பளம் ஏறிருச்சுன்னு சிரிச்சுக்கிட்டுத் திரியறான். நீ மட்டும் ராப்பூரா லேப்டாப்பக் கட்டிக்கிட்டு முழிச்சிருக்கே. உக்காரு. அப்பத்தா காப்பி கொண்டாருவா.

என்ன நடந்துச்சுன்னு நானே சொல்றேன், சரியான்னு பாரு. ராத்திரி பன்னண்டு அடிச்சுது. தேதி மாறுச்சு. புது மாசத்துப் பில்லு விழ ஆரம்பிச்சுது. அனுப்பற பக்கத்துல, அதான் பில்லுப் போடற மெயின் மெஷின்ல, புது மாசத்துப் பார்ட்டிஷன் தயாரா நின்னுச்சு. அத உண்டாக்கறதுக்குன்னே ஒரு வேலைய மாசாமாசம் ஓட விட்டுருக்கே, கெட்டிக்காரன். வாங்கற பக்கத்துல, அதான் ரிப்போர்ட்டுக்குன்னு வெச்ச காப்பியில, அத உண்டாக்க ஆள் இல்ல. மொதப் பில்லு அங்க போய், 'இந்தப் பேர்ல இங்க டேபிளே இல்லையே'ன்னு நின்னுருச்சு. அது நின்னதும் பின்னால வந்தது பூராவும் நின்னுருச்சு. எப்படித் தெரியும்னு முழிக்காதே. நூல் மில்லு கம்ப்யூட்டர் செக்ஷன்லதான் என்ற காலமெல்லாம் போச்சு. இப்பப் பேண்ட்டு போயி வேட்டி வந்துருக்குது, அவ்வளவுதான்.

உன்னத் திட்டவா நான் கூப்பிட்டேன்? நீ படிச்ச புள்ள. படிச்ச புள்ளைக்கு ஒரு குணம் உண்டு, டீஃபால்ட்டா என்ன வெச்சிருக்கானோ அதுதான் உத்தமம்னு நம்பும். நம்பறது நல்லதுதான். சாமி கும்பிடறவன்கூட உன்னாட்ட நம்பறது இல்ல.

நீ வெச்சுப் பொழைக்கிற இந்த போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் எங்கிருந்து வந்துச்சுன்னாச்சும் தெரியுமா? 1986ல கலிபோர்னியாவுல, பெர்க்லி யுனிவர்சிட்டியில, மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர்னு ஒரு வாத்தியார் ஆரம்பிச்சு வெச்சது. பொறவு ஒலகம் பூராவும் இருக்கற ஆளுக கூடி வளத்தி விட்டாங்க. 2010ல ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷன் வந்துச்சு. அது டிஸ்க்குல நடக்கற மாத்தத்த அப்படியே வாரிக்கிட்டுப் போற ரகம். அதுல பார்ட்டிஷன் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, ஒட்டுமொத்தமாப் போயிரும். நீ ஓட்டற லாஜிகல் ரெப்ளிகேஷன் அப்படி இல்ல. 'இந்த டேபிள்ல இந்த ரெக்கார்டு சேந்துச்சு, இது மாறுச்சு, இது போச்சு'ன்னு ஒவ்வொண்ணாப் பேர் சொல்லித்தான் அனுப்பும்.

2017ல 10ஆம் பதிப்பு வந்துச்சு பாரு, அதுல ரெண்டு சமாச்சாரம் ஒண்ணாப் பொறந்துச்சு. ஒண்ணு, பார்ட்டிஷன இன்ன மாதிரி பிரிச்சுக்கோன்னு டேபிள உண்டாக்கும்போதே சொல்லிப்போடற வசதி. அதுக்கு முன்னால இன்ஹெரிட்டன்ஸ், டிரிக்கர், செக் கன்ஸ்ட்ரெய்ன்ட்டுன்னு நாங்க ஒட்டுப் போட்டுக்கிட்டுக் கெடந்தோம். இன்னொண்ணு, இந்த லாஜிகல் ரெப்ளிகேஷன், அனுப்பற பக்கம் பப்ளிகேஷன், வாங்கற பக்கம் சப்ஸ்கிரிப்ஷன். ரெண்டும் ஒரே நாள்ல பொறந்ததுக. ஆனா மூணு வருசம் ஒண்ணுக்கொண்ணு மொகங் குடுத்துப் பேசிக்கல. பார்ட்டிஷன் போட்ட டேபிள பப்ளிகேஷன்ல சேக்கப் போனா முடியாதுன்னு சொல்லிரும். ஒவ்வொரு பார்ட்டிஷனையும் தனித்தனியாச் சேக்கோணும். 2020ல 13ஆம் பதிப்பு வந்துதான் சமாதானம் ஆச்சு. மேல இருக்கற டேபிளச் சேத்தாப் போதும், இப்ப இருக்கற பார்ட்டிஷனும் இனிமே வரப்போற பார்ட்டிஷனும் தானாச் சேந்ததாக் கணக்கு. 'தானா'ங்கற அந்த வார்த்தைய மட்டும் படிச்சுப்போட்டு நீ புஸ்தகத்த மூடிட்டே.

இப்ப இதக் கேளு. பார்ட்டிஷன் போட்ட டேபிள்னா அது ஒரு கூட்டுக் குடும்பம். மேல அப்பன், கீழ பசங்க. வரவன் போறவன் எல்லாம் அப்பன் பேரச் சொல்லித்தான் கதவத் தட்டுவான். ஆனா அப்பங்கிட்டக் காலணா கெடையாது, சொத்துப் பூராவும் பசங்க பேர்ல. மேல் டேபிள்ல ஒரு ரெக்கார்டுகூடத் தங்காது. அத்தனையும் கீழ இருக்கற பார்ட்டிஷன்லதான் கெடக்கும். அக்கட்டால வெளியூர்ல இதே பேர்கள்ல இன்னொரு குடும்பம் இருக்குது. இங்க நடக்கற நல்லது கெட்டத அங்க கடுதாசி போட்டுச் சொல்லோணும். மேல்விலாசத்துல யார் பேர எழுதுவே? அங்க இருக்கற அப்பன் பேரா, பையன் பேரா?

நீ ஒண்ணுஞ் சொல்லலைன்னா போஸ்ட்கிரஸ் பையன் பேருக்குத்தான் போடும். பப்ளிகேஷன்ல 'பப்ளிஷ் வயா பார்ட்டிஷன் ரூட்'னு ஒரு ஐட்டம் இருக்குது. அத ட்ரூன்னு வெச்சா அப்பன் பேருக்குப் போகும். டீஃபால்ட்டு ஃபால்ஸ். நீ அதத் தொடவே இல்லைன்னு எனக்குத் தெரியும். தொட்டுருந்தா என்னன்னு யோசிச்சிருப்பே, யோசிச்சிருந்தா நேத்து ராத்திரி தூங்கியிருப்பே.

பையன் பேருக்குப் போடற கடுதாசிக்கு ஒரு நிபந்தனை. அதே பேர்ல ஒருத்தன் அங்க இருந்தே ஆகோணும். இங்க மாசத்துக்கு ஒரு புள்ள பொறந்தா அங்கயும் மாசத்துக்கு ஒரு புள்ள பொறக்கோணும். ஆனா புள்ள பொறந்த சேதி மட்டும் கடுதாசியில போகாது. டேபிள உண்டாக்கறது, அட்டாச் பண்றது, டிராப் பண்றது, இதுல ஒண்ணையுங்கூட லாஜிகல் ரெப்ளிகேஷன் கொண்டு போகாது. ரெக்கார்டு மாத்தம்தான் போகும். அந்தப் பேர்ல ஆள் இல்லைன்னா வாங்கற பக்கத்து ஒர்க்கர் எர்ரர் போட்டுச் செத்துப்போகும். சாதாரண செட்டிங்ல அஞ்சு செகண்டுக்கு ஒருதரம் உசுரு வந்து, அதே பில்ல மறுபடி எடுத்து, அதே எடத்துல மறுபடி சாகும். உன்ற லாக் ஃபைலு ராத்திரி எத்தன ஜிபி ஆச்சுன்னு நான் கேக்க மாட்டேன். மானம் போகும்.

உங்க பெரியப்பன் பையன் ஒருத்தன் மைஎஸ்கியூஎல் வெச்சுப் பொழைக்கிறானே, அவங்கிட்ட இதச் சொல்லிப்போடாதே. அங்க ரெக்கார்டு மாத்தத்த பின்லாக்குல எழுதறப்ப டேபிள் பேருதான் இருக்கும், பார்ட்டிஷன் பேரு வீட்டு வாசப்படியத் தாண்டாது. டேபிள உண்டாக்கற கட்டளையுங்கூடவே போயிரும். பொங்கலுக்கு வந்தா இதையே சொல்லிச் சொல்லிப் பீத்துவான்.

சரி, ராத்திரி என்ன வைத்தியம் பண்ணுனே? வாங்கற பக்கத்துல அந்த டேபிள உண்டாக்குனயா? உண்டாக்குனதும் எர்ரர் நின்னு போச்சா? நின்னதும் அப்பாடான்னு போய்ப் படுத்துட்டயா? பலே. இப்ப ஒரே ஒரு கேள்வி. ரிஃப்ரெஷ் பண்ணுனயா?

என்ன, கம்முனு இருக்கே?

'ஆல்டர் சப்ஸ்கிரிப்ஷன் ரிஃப்ரெஷ் பப்ளிகேஷன்'னு ஒண்ணு இருக்குதே, அது. வாங்கற பக்கம் ஒரு பட்டியல் வெச்சிருக்கும், எந்தெந்த டேபிளுக்கு நான் கடுதாசி வாங்கிக்குவேன்னு. பிஜி சப்ஸ்கிரிப்ஷன் ரெல்னு அதுக்குப் பேரு. நீ டேபிள உண்டாக்கிட்டே, ஆனா பட்டியல்ல சேக்கல. டேபிள் இல்லாதப்பச் சத்தம் போட்டுச்சு. டேபிள் இருந்து பட்டியல்ல இல்லாதப்ப அது சத்தமே போடாது. வர ரெக்கார்ட வாங்கி ஓரமாப் போட்டுப்போட்டு அடுத்ததப் பாக்கப் போயிரும். எர்ரரும் இல்ல, வார்னிங்கும் இல்ல. உன்ற மானிட்டர்ல பச்சை விளக்கு எரிஞ்சிருக்கும். நீயும் அதப் பாத்துப்போட்டுத்தான் படுத்துருப்பே. விடிய விடிய வந்த பில்லு ஒண்ணுகூட அங்க சேரல ராசா.

ஏய், ஓடாதே, உக்காரு. காப்பியக் குடி. ஒண்ணும் கெட்டுப்போகல. பையன் பேர்ல போடற ஏற்பாட்டுல இந்தக் கோளாறுக்கு மட்டும் மருந்து லேசு. ரிஃப்ரெஷ் அடிச்சின்னா புதுசாப் பட்டியல்ல சேந்த அந்தப் பார்ட்டிஷன மொதல்ல இருந்து பூராவும் காப்பி எடுத்துக்கும், விட்டுப்போனதும் சேந்து வந்துரும். பொறவு வழக்கமா ஓடும். இன்னொண்ணும் பாத்துக்கோ. தூக்கக் கலக்கத்துல வெறும் டேபிளா உண்டாக்கிப்போட்டயா, அப்பனோட பார்ட்டிஷனாச் சேத்து விட்டயா? வெறும் டேபிள்னாலும் டேட்டா வரும், ஆனா அப்பனப் பாத்துக் கேக்கற ரிப்போர்ட்டுல இந்த மாசமே தெரியாது. உன்ற மேனேஜரு இந்த மாசம் யாவாரமே நடக்கலையான்னு கேப்பாரு.

இது ஒண்ணாந் தேதி வெசனம். இதுக்கு அக்கட்டால இன்னொண்ணு இருக்குது, அதுதான் பெரிய தலையப் படுக்க வெக்கறது. வாங்கற பக்கம் நின்னுபோச்சுன்னா அனுப்பற பக்கம் என்ன பண்ணும்? ஸ்லாட்னு ஒண்ணு இருக்குதல்ல, அது 'அவன் இன்னும் இதப் படிக்கல, அழிக்காதே'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். வாலு, அதாவது மாத்தத்த எல்லாம் எழுதி வெக்கற லாக்கு, நீண்டுக்கிட்டே போகும். டிஸ்க்கு நெறஞ்சா அனுப்பற பக்கமே படுத்துரும். ரிப்போர்ட்டுக்குன்னு வெச்ச காப்பியில ஒரு பார்ட்டிஷன் இல்லாததுக்கு, பில்லுப் போடற மெயின் மெஷினே நிக்கும். 13ஆம் பதிப்புல இருந்து 'மேக்ஸ் ஸ்லாட் வால் கீப் சைஸ்'னு ஒரு வரம்பு வெக்கலாம். டீஃபால்ட்டு மைனஸ் ஒண்ணு, அதாவது வரம்பே இல்ல. வரம்பு வெச்சு அதத் தாண்டுச்சுன்னா ஸ்லாட்டு செத்துரும், காப்பிய மொதல்ல இருந்து கட்டோணும். காப்பி போனாத் திரும்பக் கட்டிக்கலாம், கடை நின்னா என்ன பண்ணுவேன்னு நீயே ரோசனை பண்ணிக்கோ. 15ஆம் பதிப்புல 'டிஸேபிள் ஆன் எர்ரர்'னும் ஒண்ணு குடுத்துருக்கான். அஞ்சு செகண்டுக்கு ஒருதரம் சாகறதுக்குப் பதிலா ஒரேயடியாப் படுத்துக்கும். ஆனா படுத்ததுன்னு உனக்கு யாராச்சும் போன் பண்ணோணும். இல்லாட்டி வாலு அங்க நீண்டுக்கிட்டுத்தான் இருக்கும்.

இனி அப்பன் பேருக்குப் போடற ஏற்பாட்டப் பாக்கலாம். உன்ற கண்ணு இப்பவே மின்னுதே, இன்னைக்கே மாத்திப்போடலாம்னு. சித்த பொறு.

அதுல சொகம் இருக்குது, இல்லைங்கல. கடுதாசி அப்பன் பேருக்குப் போறதுனால அங்க பசங்க யாரு, எத்தன பேருங்கற கேள்வியே இல்ல. இங்க மாசத்துக்கு ஒண்ணா இருக்கட்டும், அங்க வருசத்துக்கு ஒண்ணா வெச்சுக்கோ. இங்க தேதி பாத்துப் பிரிச்சிருந்தா அங்க கஸ்டமர் நம்பர வெச்சு ஹேஷ் பண்ணிப் பிரிச்சுக்கோ. பிரிக்காம ஒரே டேபிளாக்கூட வெச்சுக்கலாம். புதுப் பார்ட்டிஷனுக்கு ரிஃப்ரெஷ் வேண்டியதில்ல. வர ரெக்கார்டு எந்தப் பையனுக்குப் போகோணும்னு அங்க இருக்கற அப்பன் பாத்துக்குவான்.

ஆனா அங்கயும் பிரிச்சு வெச்சிருந்து, அந்தத் தேதிக்குப் பார்ட்டிஷன் இல்லைன்னா நேத்து ராத்திரி கதையேதான். 'இந்த ரெக்கார்டுக்குப் பார்ட்டிஷன் இல்ல'ன்னு நிக்கும். அதுக்கு டீஃபால்ட் பார்ட்டிஷன் ஒண்ணு வெச்சுக்கோ, 11ஆம் பதிப்புல இருந்து இருக்குது. எடமில்லாதது பூராவும் அதுல விழுந்துக்கும். எர்ரர் வராது. நீ சந்தோசமா மறந்துருவே. ஆறு மாசம் கழிச்சு அந்த மாசத்துக்குப் பார்ட்டிஷன் போடப் போனா, 'அந்த மாசத்து ரெக்கார்டு டீஃபால்ட்டுல கெடக்குது, முடியாது'ன்னு சொல்லும். அப்பறம் அத்தனையையும் எடுத்து வெளிய வெச்சு, பார்ட்டிஷன் போட்டு, மறுபடி உள்ள போடோணும். டீஃபால்ட் வேண்டாம்னு நான் சொல்லல. அதுல எத்தன ரெக்கார்டு கெடக்குதுன்னு தெனமும் காலையில ஒருதரம் எண்ணிப்பாரு, பூஜ்யம் இல்லைன்னா அன்னைக்கே கவனி. பல்லு வெளக்கற நேரம்தான் ஆகும்.

அடுத்தது டிரங்கேட். போன மாசத்துக் கணக்கு தப்பாப் போச்சுன்னு வெச்சுக்கோ. அந்தப் பார்ட்டிஷன மட்டும் டிரங்கேட் பண்ணி, சரியான ஃபைல மறுபடி ஏத்துவே. எல்லாரும் பண்றதுதான். பையன் பேர் ஏற்பாட்டுல அந்த டிரங்கேட்டும் அக்கட்டால போயிரும், வெவகாரம் இல்ல. அப்பன் பேர் ஏற்பாட்டுல, ஒரு பையனை மட்டும் தனியாத் தொடச்சா அந்தச் சேதி போகாது. கையேட்டுலயே எழுதி வெச்சிருக்கான், ஒரே வரி, நீ படிச்சிருக்க மாட்டே. ஆக, இங்க பழசு போச்சு, அங்க பழசு அப்படியே கெடக்குது. நீ புதுசா ஏத்துனது அங்க போய், 'இந்தப் பில்லு நம்பர் ஏற்கெனவே இருக்குதே'ன்னு முட்டிக்கிட்டு நிக்கும். நின்னா வாலு நீளும். இதுல ஒரு நன்மை, முட்டிக்கிட்டாச்சும் நிக்குது. ப்ரைமரி கீ இல்லாத டேபிளா இருந்தா முட்டாமலே போய் எல்லாப் பில்லும் ரெண்டு ரெண்டா இருக்கும். வருசக் கடைசியில ஆடிட்டர் வருவாரு பாரு, அவருக்கு நீயே காப்பி வாங்கிக் குடு.

அட்டாச் சமாச்சாரம் இதவிட நைச்சியமானது. பெரிய ஆளுக புத்தியா ஒண்ணு செய்வாங்க. தனி டேபிள் ஒண்ணு உண்டாக்கி, அதுல டேட்டாவ ஏத்தி, இண்டெக்ஸ் எல்லாம் போட்டு, கடைசியில அப்பனோட அட்டாச் பண்ணிருவாங்க. மெயின் டேபிளுக்கு இடைஞ்சல் இல்ல, நல்ல வழிதான். அப்பன் பேர் ஏற்பாட்டுல என்ன ஆகும்? அட்டாச்சுக்கு முன்னால ஏத்துன டேட்டா பப்ளிகேஷன் கணக்குல இல்லாத டேபிள்ல ஏறுனது. அதுக்கு யாரும் கடுதாசி போடல. அட்டாச் பண்ணுனதுக்கு அப்பறம் வர ரெக்கார்டுக்கு மட்டும் கடுதாசி போகும். அங்க இருக்கற அப்பன் ஏற்கெனவே காப்பி முடிஞ்ச டேபிள், அதனால ரிஃப்ரெஷ் அடிச்சாலும் மறுபடி எடுக்காது. ஆக, அந்த டேட்டா எந்தக் காலத்துலயும் அங்க போய்ச் சேராது. எர்ரர்? மூச்சு விடாது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எண்ணிக்கை எடுத்துப் பாத்தாத்தான் உண்டு. அட்டாச் பண்ணோணுமா, அங்கயும் கையால ஏத்திக்கோ.

அடையாளத்தப் பத்தி ஒரு வார்த்தை. அப்டேட்டும் டெலீட்டும் போகோணும்னா எந்த ரெக்கார்டுன்னு அடையாளம் சொல்லோணும், அதுக்குத்தான் ரெப்ளிகா ஐடென்டிட்டி. ப்ரைமரி கீ இருந்தா அதுவே அடையாளம். பார்ட்டிஷன் டேபிள்ல ப்ரைமரி கீக்குள்ள பிரிச்ச கட்டமும் இருந்தே ஆகோணும், அதனால பில்லு நம்பர் மட்டும் போதாது, தேதியும் சேரும். 'இதென்ன தொல்லை'ன்னு ப்ரைமரி கீயே இல்லாம ஓட்டறவன் நெறையப் பேரு. அப்படி ஒரு டேபிளப் பட்டப்பகல்ல பப்ளிகேஷன்ல சேத்துப் பாரு, வேடிக்கையா இருக்கும். இன்சர்ட் போகும். ஆனா அப்டேட், டெலீட் பண்ணுனா அனுப்பற பக்கத்துலயே எர்ரர். காப்பி கெட்டதில்ல சாமி, மெயின் அப்ளிகேஷனே நிக்கும். கவுண்டர்ல நிக்கற கஸ்டமரு உன்ற பேரச் சொல்லித் திட்டுவான், உன்னத் தெரியாமலே.

ஒடனே நீ என்ன பண்ணுவே? 'ரெப்ளிகா ஐடென்டிட்டி ஃபுல்'னு அப்பன் தலையில ஒண்ணு வெப்பே. அப்பங்கிட்டத்தான் ஒண்ணுமே இல்லையே, அவன் தலையில வெச்சு என்ன பண்றது? அது கீழ எறங்காது. ஒவ்வொரு பையனுக்கும் தனித்தனியா வெக்கோணும். அடுத்த மாசம் பொறக்கறவனுக்கும் வெக்கோணும், அவன் அப்பனப் பாத்துக் கத்துக்க மாட்டான். போதாததுக்கு, ஃபுல்னா மாத்தத்துக்கு முன்னால இருந்த ரெக்கார்டு பூராவும் வால்ல எழுதப்படும். வாங்கற பக்கம் அத வெச்சுத் தேடோணும். 16ஆம் பதிப்புக்கு முன்னாலன்னா தோதான கீ இல்லாத எடத்துல டேபிளத் தலைமுதல் கால்வரைக்கும் தேடும், ஒவ்வொரு ரெக்கார்டுக்கும். 16ல இருந்து வேற இண்டெக்ஸ் இருந்தா எடுத்துக்கும். மருவாதையா ப்ரைமரி கீ வெச்சுக்கோ.

இத்தனை சொன்னதுனால இது ஒதவாத வண்டின்னு நெனச்சுப்போடாதே. டிராப் பண்றது போகாதுன்னு சொன்னேனே, அதையே வெச்சுப் பொழைக்கற கில்லாடிக இருக்கறாங்க. மெயின் மெஷின்ல மூணு மாசத்துப் பில்லு மட்டும் வெச்சுக்கிட்டு, பழைய பார்ட்டிஷனக் கழட்டி டிராப் பண்ணிருவாங்க. அங்க அது போகாதுங்கறதுனால வருசக்கணக்கு டேட்டா அங்க பத்தரமா இருக்கும். மெயின் லேசா ஓடும், பழங்கணக்குக் கேக்கறவன அக்கட்டால தாட்டி விட்டுரலாம். ஒரு பைசாச் செலவில்லாம ஆவணக் கொட்டடி. ஆனா உன்ற ஆளு எவனாச்சும் டிராப்புக்குப் பதிலா டெலீட் போட்டான்னா அது மட்டும் ஒழுங்கா, ஒவ்வொரு ரெக்கார்டா, அங்கயும் போய் அழிச்சுப்போட்டுத்தான் மறு வேலை பாக்கும்.

அதுக்கும் நீ ஒரு ரோசனை சொல்லுவே, தெரியும். பப்ளிகேஷன்ல இன்சர்ட்டும் அப்டேட்டும் மட்டும் போதும், டெலீட் வேண்டாம்னு எழுதிப்போடலாம்னு. எழுதலாம். ஆனா ஒருத்தன் பில்லுத் தேதியத் திருத்தறான்னு வெச்சுக்கோ, 31ஆம் தேதிய 1ஆம் தேதியா. அந்த ரெக்கார்டு ஒரு பார்ட்டிஷன்ல இருந்து இன்னொண்ணுக்குத் தாண்டோணும். 10ஆம் பதிப்புல அதுக்கு எர்ரர்தான் வந்துச்சு. 11ல இருந்து தாண்ட விடறான். எப்படித் தாண்டுதுன்னா, பழைய எடத்துல டெலீட், புது எடத்துல இன்சர்ட். வால்ல அப்படித்தான் எழுதும், அப்படித்தான் அக்கட்டால போகும். நீ டெலீட்ட நிறுத்தி வெச்சிருக்கே. இன்சர்ட் மட்டும் போகும். ஒரு பில்லு, ரெண்டு தேதி, ரெண்டும் அங்க உசுரோட இருக்கும். ப்ரைமரி கீயில தேதியும் சேந்திருக்கறதுனால முட்டவும் முட்டாது. அப்டேட் பண்ணுனவன் அப்டேட்தான் பண்ணுனேன்னு சத்தியம் பண்ணுவான். அவன் சொல்றதும் நெசம்தான்.

மொதக் காப்பியப் பத்திச் சொல்ல ஒண்ணுதான் இருக்குது. பையன் பேர்ல போனா ஒவ்வொரு பார்ட்டிஷனும் தனி டேபிள் கணக்கு, சாதாரண செட்டிங்ல ஒரே நேரத்துல ரெண்டு காப்பி நடக்கும், கூட்டியும் வெச்சுக்கலாம். அப்பன் பேர்ல போனா மொத்தமும் ஒரே டேபிள் கணக்கு, ஒரே ஒர்க்கர் உக்காந்து மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் இழுக்கும். டெராபைட் கணக்குல வெச்சிருந்தா முடியறதுக்குள்ள நீ ஊருக்கு வந்துட்டுப் போயிரலாம். நடுவுல நின்னுச்சுன்னா திரும்ப மொதல்ல இருந்து.

இப்பக் காப்பியும் குடிச்சாச்சு, மாத்தியே தீருவேன்னு முடிவும் பண்ணிட்டே. பண்ணு. பப்ளிகேஷன்ல அந்த ஐட்டத்த ட்ரூன்னு மாத்தறது ஒரே வரிதான். மாத்துன அந்த நிமிசத்துல இருந்து கடுதாசி அப்பன் பேருக்குப் போகும். வாங்கற பக்கத்துப் பட்டியல்ல யார் பேரு இருக்குது? பசங்க பேரு. அப்பன் பேரு இல்ல. பட்டியல்ல இல்லாதவனுக்கு வர கடுதாசி என்ன ஆகும்னு இப்பத்தான் சொன்னேன். சரின்னு ரிஃப்ரெஷ் அடிப்பே. பட்டியல்ல அப்பன் புதுசாச் சேருவான். புதுசாச் சேந்தவனுக்கு மொத்தக் காப்பியும் எடுக்க ஆரம்பிக்கும். அங்கதான் ஏற்கெனவே எல்லா டேட்டாவும் இருக்குதே, மொத ரெக்கார்டுலயே முட்டிக்கிட்டு நிக்கும். 'காப்பி டேட்டா ஃபால்ஸ்'னு போட்டு ரிஃப்ரெஷ் அடிச்சா முட்டாது. ஆனா நீ மாத்துனதுக்கும் ரிஃப்ரெஷ் அடிச்சதுக்கும் நடுவுல விழுந்த பில்லு எல்லாம் போச்சு.

அதனால வழி ரெண்டே ரெண்டு. ஒண்ணு, வாங்கற பக்கத்துல எல்லாத்தையும் தொடச்சுப்போட்டு மொதல்ல இருந்து காப்பி எடுக்கறது. இன்னொண்ணு, பில்லு விழறதயே நிறுத்திப்போட்டு, அது வரைக்கும் வந்தது அங்க போய்ச் சேந்துருச்சான்னு பாத்து, மாத்தி, காப்பி வேண்டாம்னு சொல்லி ரிஃப்ரெஷ் அடிச்சு, பட்டியல்ல அப்பன் பேரு வந்துருச்சான்னு உன்ற கண்ணால பாத்ததுக்கு அப்பறம் பில்ல விடறது. ரெண்டாவதுதான் லேசு, நிமிசக் கணக்குல முடிஞ்சுரும். மேனேஜருக்கு இப்பவே போன் போடு, 'சார், வார நடுவுல ஒரு ராத்திரி பில்லிங்க நிறுத்தோணும்'னு சொல்லு. ஸ்பீக்கர்ல போடு கண்ணு, நானும் கேட்டுக்கறேன்.